ஒரு வீட்டுக்கு ஒரு விலாசம்

"அப்பா, ரெண்டு கொம்பியூட்டருக்கும் ஒரே ஐ.பி. விலாச நம்பரையா குடுத்திங்க?"

"ஓம் புள்ள. ரெண்டும் ஒரே வீட்டிலதானே இரிக்கு? விலாசம் எப்படி வேறயாகும்?"

பெரியகல்லாற்றில் முப்பத்தொரு வருடம் கடிதம் கொடுத்து ஓய்வுபெற்ற வினாயகமூர்த்திக்கு இதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டிலும் இணையம் படுத்துவிட்டது.

மகள் தக்ஷாயினிக்குப் பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. மட்டக்களப்பு நகரில் ஒரு கணினிக் கம்பனி. வாடிக்கையாளரின் கோளாறுகளைத் தொலைபேசியில் கேட்டுத் தீர்த்துவைக்கும் வேலை. பதினொரு விண்ணப்பம் போட்டபின் வந்த முதல் அழைப்பு. இணையம் வருவது அப்பாவின் விண்டோஸ் கணினிக்கு. அதில் கமெரா கிடையாது. கமெரா இருப்பது மகளின் லினக்ஸ் மடிக்கணினியில். அவள் சேலை உடுத்தி வருவதற்குள் இரண்டையும் இணைத்துத் தருகிறேனென்று அவர்தான் முந்திக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது எழும்பச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

கம்பனிக்கு அழைத்துத் தாமதமாகுமென்று சொன்னாள்.

"பரவால்ல தங்கச்சி. லைனை வைக்காதிங்க, நான் இரிக்கன்" என்றார் மேலாளர் நஸீபா. கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"அப்பா, லினக்ஸில கடைசி இலக்கத்த மட்டும் ரெண்டாக்குங்க."

ஆக்கினார். விண்டோஸ் மனம் நோகுமே என்று அதற்கும் ரெண்டு போட்டார்.

"அதுக்கு ஒண்டுதான் அப்பா. பரவால்ல, மாத்திட்டு ரெண்டையும் ஓஃப் பண்ணி ஒன் பண்ணுங்க."

தனித்தனியாக எதற்கு மினக்கெடுவான்? எழுந்துபோய் வீட்டு மெயின் சுவிச்சை இறக்கினார்.

மின்விசிறி நின்றது. குசினியில் கிரைண்டரும் நின்றது. "கரண்டப் புடுங்கினது ஆரு?" என்று மனைவி சின்னத்தங்கம் கத்தினாள். அவசரமாகச் சுவிச்சை ஏற்றினார். விண்டோஸ் ஆறுதலாக எழும்பி அறிவித்தது: புதுப்பிப்பு நடக்கிறது, நூற்றுக்கு மூன்று வீதம், கணினியை நிறுத்த வேண்டாம்.

மணி பத்தே முக்கால்.

வேறு பிள்ளையென்றால் வாயில் வந்ததெல்லாம் சொல்லியிருக்கும். தக்ஷாயினி பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள். "மறுகா முதல்ல இரிந்து சொல்றன் அப்பா. ஒரு வீட்டில ரெண்டு பேர் இரிந்தா, பேரைப் பார்த்துத்தானே கடிதம் குடுப்பிங்க? இந்த நம்பர் பேர் மாதிரி."

"அட, இத முதலே சொல்லியிரிக்கலாமே!"

அவள் சிரித்தாள். வினாயகமூர்த்தி சுவரிலிருந்த சாமிப் படத்தை நிமிர்ந்து பார்த்தார். இப்படியொரு பிள்ளையைத் தந்த பிள்ளையாருக்கு எத்தனை தேங்காய் உடைத்தாலும் தகும். அந்தப் பிள்ளையின் வேலையைத்தான் கெடுத்துவிட்டார்.

கைபேசி பேசியது. "தங்கச்சி, நேர்முகம் முடிஞ்சிது."

அவர் முகம் செத்துப்போயிற்று.

"வேலை உங்களுக்குத்தான். திங்கக்கிழமை வாங்க."

வினாயகமூர்த்தி கைபேசியைப் பார்த்துக் கைகூப்பினார். "பெரிய உபகாரம் மகள்! மிச்சம் நன்றி!"

"நாங்கதான் ஐயா நன்றி சொல்லணும். இவ்வளவு நேரமும் லைன்ல கேட்டுட்டுத்தான் இரிந்தன். ஒண்டும் விளங்காத ஆள் மாதிரி நடிச்சு நேர்முகத்துக்கு வாறவங்களச் சோதிக்க நாங்களும் ஒருத்தர வைச்சிரிக்கம், உங்கட நடிப்புக்குக் கிட்டவும் அவர் வரமாட்டார். நாளைக்கு வாற ஆக்களையும் நீங்களே குழப்பித் தருவிங்களா?"