காயட்டும் ராத்தாவின் சிவப்பு

என் கைப்பேசியில் அழிக்காமல் வைத்திருக்கும் குறுஞ்செய்தி ஒன்று உண்டு. சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்து வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வந்தது: "தம்பி, சிவப்பு ஈரம். பைக்கை எடுங்க."

இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் காற்றையே வேலைக்கு வைத்திருந்தவர் காயட்டும் ராத்தா ஒருவர்தான். மற்றவர்களுக்கு அது சும்மா வீசியது. அவருக்கு உழைத்தது.

ராத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. மருதமுனையில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது. துணிப் பொம்மை செய்பவர். பிள்ளைகள் விளையாடுவதற்கல்ல, கொழும்பிலிருந்து ஓடர் கொடுத்து எடுப்பித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிற ஒரு முழப் பொம்மைகள். மார்க்கத்தில் உருவம் கூடாதென்று முகம் மட்டும் வைக்கமாட்டார். கண்ணும் மூக்கும் இல்லாத ஒருத்தி யாரென்று அவளுடைய உடுப்புத்தான் சொல்லவேண்டும். அதனால் உடுப்புக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல; எங்களைப் படுத்திய பாடு அதைவிட அதிகம்.

சாயம் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். ஆகவே காயும்வரை அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்பது அவர் சட்டம். அதை உலகம் முழுவதற்கும் விரித்துவிட்டார். வோட்டுக் கேட்டு வந்த வேட்பாளரிடமும் "காயட்டும், பாப்பம்" என்றுதான் சொன்னார். என் புதுச் சட்டை எப்படியென்று கேட்டதற்கு, முதலில் ஒரு மழையில் நனைந்துவிட்டு வரச் சொன்னார். பெயர் அப்படித்தான் ஒட்டியது.

ஊருக்கெல்லாம் பொறுமை சொன்னவருக்கு ஒரு நிமிடம் இருப்புக்கொள்ளாது. இரண்டு தோளிலும் ஈரத்துணியைக் குத்திக்கொண்டு ஒழுங்கையின் மேலும் கீழும் நடப்பார். சுளகால் விசிறுவார். ஊதுவார். இஸ்திரிப்பெட்டி நிறத்தைச் சுட்டுவிடுமாம். கடைசியில் கண்டுபிடித்ததுதான் என் மோட்டார் சைக்கிள். பின்னால் துணியைக் கட்டி என்னை ஒலுவில் வரை விரட்டுவார். போய்த் திரும்ப, துணி காய்ந்திருக்கும். ஒருநாள் காரைதீவில் தேத்தண்ணிக்கு நிறுத்தினேன். வந்ததும் துணியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் வெளிறியிருக்கிறது, எந்தக் கடையில் குந்தினீர்கள் என்று கேட்டார்.

துணி தெரிந்தெடுப்பதும் அப்படித்தான். புதுத்துணி பொம்மைக்குக் கட்டினால் பாய் மாதிரி விறைத்து நிற்கும். "சின்ன உடம்புக்குக் கிழட்டுத் துணிதான் விழும்" என்பார். துவைத்துத் துவைத்து நைந்த இடுப்புச் சாரனைக் கண்டால் அவர் பார்வையே மாறிவிடும். கொடியில் காய்ந்த என் சாரன் ஒன்று காணாமற்போய், பிறகு கொழும்பு மணப்பெண் பொம்மை ஒருத்தியின் முந்தானையாக எனக்குத் தரிசனம் தந்தது.

அந்த வெள்ளிக்கிழமைச் சிவப்பு, ஓடருக்கானதல்ல. மதிலுக்கு அடுத்த பக்கம் இருப்பவர் ராத்தாவின் சொந்தத் தங்கச்சி. உம்மாவின் வளவுக் காணியைப் பிரித்து அந்த மதில் எழும்பிய நாள்முதல் இருவரும் கதைப்பதில்லை, பெருநாளுக்குக்கூட. தங்கச்சியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், அவள் மதிலைச் சுற்றி வந்து பெரியம்மாவிடம் ஒன்று கேட்டாள்: தன் உம்மம்மாவை, அதாவது இந்தச் சகோதரிகளின் உம்மாவை, பொம்மையாகச் செய்து தர வேண்டும், ராத்தாவின் கல்யாணத்துக்கு உம்மம்மா உடுத்த சிவப்புச் சேலையோடு. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த காலையில் உம்மாவும் போய்விட்டார், அலுமாரியும் போய்விட்டது. படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தச் சேலை இரண்டு சகோதரிகளின் தலைக்குள் மட்டுமே இருந்தது.

ராத்தா மாதுளந்தோல் அவித்தார், மருதோன்றி அரைத்தார், துருப்பிடித்த ஆணியை ஊறப்போட்டார், சாயக்கடைத் தூளும் கலந்தார். நான் ஒலுவிலுக்கு ஓடினேன். நிந்தவூரில் பொலிஸ்காரர் மறித்து, பின்னால் பறப்பது எந்தக் கட்சிக் கொடி என்று கேட்டார். உம்மாவின் சேலை என்றேன். வாயை ஊதிக் காட்டச் சொன்னார்.

காய்ந்த துண்டுகளைத் தங்கச்சியின் மகள் மதிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவாள், தீர்ப்போடு திரும்புவாள். முதல் துண்டு வெற்றிலை துப்பியது போலிருக்கிறதாம். அடுத்தது செங்கல்லாம். கண் இருந்தால்தானே நிறம் தெரியும் என்று ராத்தா பதில் அனுப்பினார். அந்தப் பிள்ளைக்குக் கால் ஓய்ந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஏழு நாள்தான் இருந்தது. பொம்மை வெள்ளைப் பாவாடையோடு நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, துண்டோடு திரும்பி வந்தது மகளல்ல, தங்கச்சி. முற்றத்தில் நின்று, யாரையும் பார்க்காமல், சாயப் பானைக்குச் சொன்னார்.

"உம்மாட சேலையில மஞ்சள் ஓடும். உனக்கு அது எப்பவும் தெரியாது."

ராத்தாவும் பானையைத்தான் பார்த்தார். "மஞ்சள் ஓடல்ல. நீ அப்ப சின்னப் புள்ள. வெயில்ல கண்டிருப்பாய்."

"உம்மாட மடியில படுத்துக் கிடந்தது நான். நீ மணவறையில தலைகுனிஞ்சிதானே இருந்த?"

நான் பார்த்த அத்தனை வருடத்திலும் ராத்தா அசையாமல் நின்றது அப்போதுதான். பிறகு மஞ்சள் டின்னைக் காலால் தங்கச்சிப் பக்கம் தள்ளினார்.

"போடு. கூடப் போட்டுக் கெடுக்காத."

கல்யாணம் நடந்து முடிந்தது. பொம்மை இன்னும் வெள்ளைப் பாவாடையோடு நிற்கிறது. தங்கச்சி ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு வருகிறார். மஞ்சள் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று இருவரும் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு வரை சண்டை பிடிக்கிறார்கள். நான் இன்னும் ஒலுவிலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் தங்கச்சியின் மகள் என்னிடம் தனியாகச் சொன்னாள்: அந்தச் சேலையோடு வந்த, அதே நிறச் சட்டைத்துண்டு, தைக்காமல், பாலமுனையில் உம்மம்மாவின் மச்சி முறை உறவுக்காரி ஒருவரின் பெட்டிக்குள் இருக்கிறதாம். பார்த்தால் ஒரே பார்வையில் வழக்கு முடிந்துவிடும். பாலமுனை, ஒலுவிலுக்கு அடுத்த ஊர்.

எங்கள் ஊர் வரலாற்றில் ஒரு கிணறு எப்போது வெட்டப்பட்டது என்பதற்கே மூன்று பேரைக் கேட்டு எழுதுகிறவன் நான். இதை மட்டும் இப்படியே பதிகிறேன்: அந்தச் சேலையின் நிறம் சரிபார்க்கப்படவில்லை. நான் ஒலுவிலிலேயே திரும்பிவிடுகிறேன்.