பறியக்காவின் முன்பல்

வாயைத் திறக்காமலே ஊரைத் திட்ட, பழவேற்காடு ஏரியிலேயே பறியக்காவை விட்டா ஆள் கிடையாது. கையால இறால் பிடிக்கிறவங்க. தண்ணிக்குள்ள உட்கார்ந்து ரெண்டு கையாலும் சேத்தைத் தடவணும். பிடிச்ச இறாலைப் போடுற ஓலைப் பறியைப் பல்லுல கடிச்சுக்கணும். பறியோடவே திட்டுவாங்க. வார்த்தை புரியாது, யாரைன்னு புரியும்.

பெரும்பாலும் என்னைத்தான். கரையோர டிரஸ்ட் ஆஸ்பத்திரியில சீட்டு எழுதுறவன் நான். அங்கே பல் பார்க்கிற நாற்காலி உண்டு, டாக்டர் இல்லை. மத்தியானத்துல நான்தான் அதுல தூங்குவேன்.

"இன்னாய்யா, எனக்கு முன்பல்லு ரெண்டும் ஆடுது, நீ சாஞ்சிக்கினு கீற?"

பல் போனா அக்காவுக்குப் பொழப்பே போச்சு.

கடைசியில டிரஸ்ட் அறிவிச்சது: மூணு வருஷம் இங்கே வேலை பாருங்க, உங்க படிப்புக் கடனை நாங்க அடைக்கிறோம். நம்பி வந்தது ஒரு சின்னப் பொண்ணு, தங்கமான டாக்டர். அக்கா பல்லைக் காப்பாத்திடலாம்னு வைத்தியம் ஆரம்பிச்சாங்க. மாசங்கள் ஓடுச்சு, டிரஸ்ட் ஒரு தவணைகூடக் கட்டலை. பாங்க்ல இருந்து அவங்கப்பாவுக்கு போன் மேல போன். பாதி வைத்தியத்துல பொண்ணு அழுதுகிட்டே ஊருக்குப் போயிடுச்சு. போஸ்டர் அடிக்க மட்டும் காசு இருந்துச்சாம், வெட்கங்கெட்ட ஜென்மங்க!

டிரஸ்ட் மேனேஜர் ஒருநாள் கரைக்கு வந்தார். "ஃபைல் போய்க்கிட்டிருக்கும்மா. ரெண்டு பல்லுதானே, கடைவாயில மென்னு சாப்பிடுங்க."

அக்கா ஈரப் பறியை அவர் வாயில வச்சாங்க. "கடி சார். கைய உடு. நான் பொழுதுக்கும் இப்டித்தான்."

மனுஷன் பயந்து போய்க் கடிச்சார். எச்சில் சட்டையில வழியுது, இறால் மூக்குக்கு நேரா துள்ளுது. ரெண்டு நிமிஷம்கூட தாங்கலை, பொத்துனு போட்டார். நான் கை தட்டிட்டேன். எனக்கு மெமோ வந்துச்சு. அடுத்த வாரமே பாங்க்குக்குப் பணமும் போச்சு.

டாக்டர் திரும்பி வந்தாங்க. அதுக்குள்ள அக்காவோட ரெண்டு பல்லும் எடுக்கிற நிலைமைக்குப் போயிருச்சு. கட்டுப் பல்லு பறியைத் தாங்காது. இப்போ பறியைக் கழுத்துல கயிறு போட்டுத் தொங்கவிடுறாங்க. சாயுது, பாதி இறால் ஓடிடுது. அந்தப் பாதியை எந்த டிரஸ்ட்காரன் தருவான்?

வாய் மட்டும் காலியாயிடுச்சு. தினம் காலையில தண்ணிக்குள்ள இருந்து கத்துவாங்க: "ஏய் சீட்டு! நாற்காலில யாருய்யா?"

"டாக்டர்தான்க்கா!"

காய்ச்சல்னு ரெண்டு நாள் அவங்க வரலை. ஏரி கம்முனு கிடந்துச்சு. மூணாம் நாள் மாத்திரையை எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்கே போயிட்டேன், திட்டு வாங்க.