புதன்கிழமை வீசிங்

குழந்தைகளுக்கு வரும் வீசிங்கை, அது வருவதற்கு முன்பே கம்ப்யூட்டரால் கண்டுபிடித்துத் தடுப்பதென்று 2009-ல் மேலிடம் முடிவெடுத்தது. அந்தப் பெருமைக்குக் கடலூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை. எங்களுக்கு மேற்கே கெமிக்கல் கம்பெனிகள், கிழக்கே கடல். மேல்காற்று அடித்தால் புகை வரும். கடல்காற்று அடித்தால் போன புகை திரும்பி வரும்.

ஊர் சுகாதார நிலையத்துக்கு டாக்டர் பெலிசியா புதன்தோறும் வருவார். மற்ற நாட்களில் பூட்டுத்தான். அப்போது இழுக்கிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் கடலூருக்கு பஸ் ஏறுவார்கள். மீன் விற்கும் பொன்னியின் மகள் சுவாதி பாதி நாள் பஸ்ஸிலேயே வளர்ந்தவள்.

முன்னறிவிப்பு அலுவலர் தமிழ்வேந்தன் கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினார். நிலையத்திலிருந்த பழைய பதிவுகளையெல்லாம் அதற்கு ஊட்டினார். அது யோசித்து முடிவு சொன்னது: இவ்வூரில் வீசிங் புதன்கிழமை மட்டுமே வருகிறது.

"சார், எம்புள்ளைக்கி நேத்து ஜாஸ்தியா இழுத்துச்சிங்க" என்றாள் பொன்னி.

"நேத்து திங்கக்கெழமம்மா. திங்கக்கெழம வந்தா அது வீசிங் இல்ல."

"கம்பெனிப் பொகைய அந்தப் பொட்டிகிட்ட சொன்னீங்களா சார்?"

"பொகை தெனமும் வருது. வீசிங் புதன்கெழமதான் வருது. ரெண்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளப் பொன்னிக்குப் படிப்பு போதவில்லை. எனக்கும்தான்.

கம்ப்யூட்டர் அத்தோடு விடவில்லை. புதன்கிழமை மட்டும் ஊரில் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தது. டாக்டர் வருகிறார். அவர் லீவு போட்ட வாரங்களில் ஒரு பிள்ளைக்கும் வீசிங் பதிவாகவில்லை. "மேற்படி மருத்துவரின் வருகைக்கும் மேற்படி நோய்க்கும் ஐயத்துக்கிடமற்ற தொடர்பு உள்ளது" என்று அறிக்கை போனது.

"நான் வர்றதால இழுக்கல சார். இழுக்கறதாலதான் நான் வர்றேன்" என்றார் டாக்டரம்மா.

"நல்ல கருத்து மேடம். எழுதிக் குடுத்துட்டு கெளம்புங்க."

சிறார் நலன் கருதி அவரைப் பிச்சாவரம் பக்கம் மாற்றினார்கள். பிள்ளைகளுக்கு மாஸ்க் மாட்டி மருந்து ஏற்றும் மெஷினும் உடந்தை என்ற முறையில் கூடவே போனது.

அடுத்த மாதமே எங்கள் ஊரில் வீசிங் பூஜ்யம். சிதம்பரத்தில் விருது விழா வைத்தார்கள். தமிழ்வேந்தனுக்குப் பொன்னாடை, எங்களுக்குப் பிரியாணி. லாரி ஏறிப்போய் எல்லோரும் கை தட்டினோம். பிரியாணியைக் குறை சொல்ல முடியாது. ஊர் எல்லையில் 'வீசிங் இல்லா ஊர் உங்களை வரவேற்கிறது' என்று பிளெக்ஸ் வைத்தோம். ஒரே வாரத்தில் புகை படிந்து கறுத்துவிட்டது.

அந்த வாரமே சுவாதிக்கு மோசமாக இழுத்தது. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பொன்னி அவளைத் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினாள். நாங்கள் சிலரும் அதே பஸ்ஸில் இருந்தோம். பக்கத்து ஊர் முக்கில் பஸ் நின்றுவிட்டது. சாலை மறியல்.

"எங்க ஊருக்கும் கம்ப்யூட்டர் குடு! வியாழக்கெழம வர்ற டாக்டர ஒடனே மாத்து!"

பொன்னி பிள்ளையோடு இறங்கி ஓடினாள். அவ்வளவு பயந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"அண்ணே, பஸ்ஸுக்கு வழி வுடச் சொல்லுங்கண்ணே. புள்ளைக்கி மூச்சு முட்டுது."

மறியலுக்குத் தலைமை தாங்கிய பக்கிரி எழுந்து வந்து சுவாதியைப் பார்த்தார். இளகிய மனசுக்காரர், கண் கலங்கிவிட்டது. அவளைக் கையில் வாங்கிக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களாய்யா இந்தப் புள்ளைய? இதுக்கோசரந்தாய்யா ஒக்காந்திருக்கோம்! கம்ப்யூட்டர் வர்ற வரைக்கும் ஒருத்தனும் எழுந்திருக்கக் கூடாது!"

கூட்டம் கை தட்டியது. பழக்கதோஷம், பஸ்ஸிலிருந்த நாங்களும் தட்டினோம்.