போகும்போது ‘வாரனுங்க’

ஓர் இடத்தைவிட்டுச் சும்மா எழுந்து போகத் தெரியாத ஒரே மனிதர் இந்த உலகத்தில் உண்டென்றால், அது எங்கள் ‘வாரனுங்க’ அண்ணன்தான். ‘போறேன்’ என்று சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்பதுபோல நடந்துகொள்வார். சாயா குடிக்கக் கீழே இறங்கினாலும் “வாரனுங்க.” பாத்ரூமுக்குப் போனாலும் அதே. ராங் நம்பரில் பேசியவரிடமும் “வாரனுங்க” சொல்லித்தான் போனை வைத்தார். “எங்கீங்க வர்றீங்க?” என்று அந்த மனிதர் பதறியது எங்களுக்கே கேட்டது.

மாநில எல்லையோரம் கோவிந்தாபுரத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். பழைய கம்ப்யூட்டரிலும் திணறாமல் ஓடும் சின்ன பிரவுசர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். இணையப் பக்கங்களில் இருக்கும் ஸ்கிரிப்ட் என்னும் குட்டி நிரல்களை ஓடவைக்கும் பகுதி அண்ணன் பொறுப்பு.

ஒருமுறை பெருமாட்டி என்ற ஊரில் துக்கம் விசாரிக்கப் போனோம். இழவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அண்ணன் வாசலில் நின்று கும்பிட்டு, கணீரென்று “வாரனுங்க” என்றார். அழுகை பட்டென்று நின்றது.

“மறுக்கா எதுக்குங்க வர்றீங்க? இருக்கறவங்களையாச்சும் உட்டு வையுங்க” என்றார் ஒரு பெரியம்மா.

நான் ஒரு தென்னை மரத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். என் உடம்புக்கு அந்த மரம் போதவில்லை.

அப்புறம் கொச்சியிலிருந்து இரண்டு பேர் பிரவுசரைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் வாங்கினால் ஆபீஸ் பிழைக்கும், இல்லையென்றால் மாடிக்குப் பூட்டு. கடிகாரம் ஓடும் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினேன். அழகாக ஓடியது. மூடச் சொன்னார்கள். மூடினேன். அது மூடவில்லை. திரை உறைந்து நிற்க, கம்ப்யூட்டரின் விசிறி மட்டும் கிரைண்டர் மாதிரி இரைந்தது.

“எந்தா சாரே, இது நிக்கில்லே?” நிற்கவே நிற்காதா என்று மலையாளத்தில் கேட்டார் வந்தவர்களில் ஒருவர்.

வேறு வழியில்லாமல், அவர்கள் கண்ணெதிரே பெரிய திரையிலேயே புரோகிராம் கோடைத் திறந்தேன். எல்லாம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அது அண்ணன் எழுதிய ஒரு ஃபங்ஷன், ஒரு வேலைக்கான சின்னக் கட்டளைத் தொகுப்பு. அதன் பெயர், ஆங்கில எழுத்தில், ‘வாரனுங்க’. ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தன் முறை முடிந்து கிளம்பும்போது, வரிசையின் கடைசியில் மறுபடி பெயர் கொடுத்துவிட்டுப் போகும். ஓடுகிற கடிகாரத்துக்கு அது சரி. ஆனால் பக்கத்தை மூடும்போதும் அதையே செய்தது. வரிசை காலியாகட்டும் என்று பிரவுசர் காத்திருக்க, போனவர்களெல்லாம் திரும்பி வந்துகொண்டே இருந்தார்கள்.

வந்தவர்கள் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

“ஏனுங்ணா, பக்கத்தை மூடிட்டா அது எழவு ஊடுங்ணா” என்றேன் பக்கத்திலிருந்த அண்ணனிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. “சொல்லிக்காமத்தானே கெளம்போணும்?”

அண்ணன் கீபோர்டை இழுத்தார். பக்கம் மூடியிருந்தால் மறுபடி வரிசையில் சேராதே என்று ஒரே ஒரு வரி சேர்த்தார். மூடினேன். மூடியது. வந்தவர்கள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாங்கள் குதித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ‘வாரனுங்க’ சொல்லவில்லை. அவமானமெல்லாம் என்னுடையது என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே ஓடினேன்.

“ஏனுங்ணா, சொல்லாமப் போறீங்க?”

“சொன்னா எல்லாத்துக்கும் அசிங்கமா இருக்குதுங்களே” என்றார், ஸ்கூட்டரைப் பார்த்தபடி.

“இது எழவு ஊடு இல்லீங்ணா. சொல்லிப்போட்டுப் போங்க.”

உரம் வாங்க வந்தவர்களெல்லாம் எங்களையே பார்த்தார்கள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சன்னமாக வந்தது:

“வாரனுங்க.”

“வாங்ணா!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை.