செயலாளர் கலியபெருமாள் விற்ற வீடு

ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டுமானால் எதற்கும் ஆசைப்படக் கூடாது என்று கலியபெருமாள் முடிவு செய்தது, செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளில். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் யாரோ ஒரு கூரை ஓட்டுத் துண்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தத் துண்டு நாற்காலியைச் சேர்ந்ததா, சங்கத்துச் சரக்கா என்று அவன் ஒரு மணி நேரம் யோசித்தான். சரக்குதான் என்று முடிவுகட்டினான். அதை எடுத்துத் துடைத்து ஓட்டு அடுக்கில் வைத்தான். அன்று முழுக்க ஆடிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

செஞ்சியில் அப்போது எல்லாருக்கும் மெத்தை வீட்டு மோகம். ஓட்டு வீட்டை இடி, தளத்தைப் போடு என்று ஊரே கிளம்பியிருந்தது. இடித்த வீடுகளின் கதவும் ஜன்னலும் கூரைக் கைமரமும் விறகுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றை வாங்கி, தட்டி நிமிர்த்தி, இல்லாதவர்களுக்குக் குறைந்த விலைக்கு விற்கலாம் என்று கொத்தனார்களும் சித்தாட்களும் பங்கு போட்டு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பதிவேட்டில் அதற்கு இரண்டு வரிக்குப் பெயர். ஊர் வைத்த பெயர் ஒடசல் சங்கம். தலைவர், மரக்கடை வைத்திருந்த மஜீத் பாய்.

கலியபெருமாள் அவன் தெருவில் முதல் பி.ஏ. பட்டம் வாங்கியபின் நாலு வருஷம் வேலை இல்லை. எதிரில் வருகிறவர் 'இன்னும் ஒண்ணும் ஆவலயா' என்று கேட்டுவிடுவாரே என்று தெருவின் பின்பக்கமாகவே போய் வந்தான். அப்படி ஒளிந்து போகும்போதுதான் மஜீத் பாய் பிடித்தார். வேலை கொடுத்தார். சங்கத்துப் பலகை எழுதிய பெயிண்டர், யாரும் சொல்லாமலே அவன் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போட்டுவிட்டான். அதைப் பார்க்க அவனுக்குப் பெருமை. பார்ப்பதை யாராவது பார்த்துவிட்டால் வெட்கம். ஆகவே தினமும் குனிந்தபடியே கடை திறந்தான்.

வந்ததும் இரண்டு விதிகள் கொண்டுவந்தான். முதலாவது, விற்கிற ஒவ்வொரு பொருளிலும் அது எங்கிருந்து வந்தது, அதில் என்ன குறை என்று காவிப் பெயிண்டால் எழுத வேண்டும். எழுதுபவன் அவனே. 'அனந்தபுரம். வலது கதவு இழுக்கும்.' 'மேல் கொண்டி இல்லை.' 'கால் பாகம் கரையான் தின்றது.' கோட்டை பார்க்க வந்த புதுச்சேரிக்காரர் ஒருவர் பெரிய கதவு ஒன்றைத் தடவிப் பார்த்து, இது கோட்டைக் கதவுதானே என்று ஆசையாகக் கேட்டார். தலையாட்டியிருந்தால் போதும். மளிகைக் கடைக் கதவு, அடியில் எலி கடித்திருக்கிறது என்று சொல்லி, குனிந்து அந்த இடத்தையும் காட்டினான். அவர் போய்விட்டார்.

இரண்டாவது விதி, சங்கத்தில் சம்பளம் வாங்குகிறவனின் குடும்பத்தார் அங்கே ஒரு ஆணிகூட வாங்கக் கூடாது. சம்பளம் வாங்குகிறவன் சங்கத்தில் ஒருவன்தான்.

அவன் வீட்டு வாசலில் கதவு இல்லை. சாக்கு தொங்கியது. மனைவி மீனம்பாள் ஒரு நாள் சாக்கைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் கதவு விக்கிறீங்க. நமக்கு ஒண்ணு வாணாமா?"

"ரூலு இருக்குது மீனம்பா."

"ரூல யாரு போட்டது?"

"நான்தான்."

"அப்ப நீங்களே எடுத்துடுங்க."

"நானே போட்டு நானே எடுத்தா ஊரு இன்னா சொல்லும்?"

"நேத்து நாய் பூந்து சோத்துப் பானய உருட்டிட்டுப் போச்சே. அப்ப ஊரு ஒண்ணும் சொல்லலயே."

கலியபெருமாள் நேர்மையைப் பற்றி ஒரு கால் மணி நேரம் பேசினான். அவள் முழுக்கக் கேட்டாள். பேசி முடித்துத் திரும்பியபோது சாக்கு அவன் முகத்தில் அறைந்தது. அதற்குப் பிறகு மீனம்பாள் கதவு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. கொள்கை ஜெயித்துவிட்டது என்று அவன் நினைத்தான். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆனவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

மீனம்பாளுக்குப் பிறந்த ஊர் தொண்டூர். எட்டாவது வரை படித்தவள். பருவத்தில் அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆயப் போவாள். செடியைப் பிடுங்கிப் போட, உட்கார்ந்து காயைப் பறித்துக் குவிக்கிற வேலை. பி.ஏ. படித்தவன் பெண்டாட்டி கூலிக்குப் போகிறாள் என்பது கலியபெருமாளுக்குப் பெரிய வெட்கம். வெட்கமான விஷயத்தை அவன் வாய்விட்டுக் கேட்பதில்லை. யார் கொல்லையில் வேலை, கூலி என்ன தந்தார்கள் என்று எதுவும் கேட்டதில்லை. அவள் புடவையில் மண்ணோடு வந்தால் வேறு பக்கம் பார்ப்பான்.

அந்த வருஷம் சங்கத்தில் திடீரென்று வியாபாரம் பிடித்துக்கொண்டது. முதலில் வந்தவள் குஞ்சம்மாள். தொண்டூரில் குத்தகைக்கு மல்லாட்டை போடுகிறவள். வாசல் நிலை வேண்டும் என்றாள். நாலைந்து நிலைகளைப் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, சித்த இந்த நிலைக்குள்ள நில்லு."

"எதுக்கும்மா?"

"எங்க வூட்டு ஆம்பள ஒன் ஒசரம். தல இடிக்குதான்னு பாக்கணும்."

நின்றான். இடித்தது. அடுத்ததில் நின்றான். அதுவும் இடித்தது. மூன்றாவதில் இடிக்கவில்லை. அதையே எடுத்தாள். கலியபெருமாள் தானே ஒரு முனை பிடித்து மாட்டு வண்டியில் ஏற்றினான். குஞ்சம்மாளின் கணவர் வண்டியின் மேல் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எட்டாததால் எம்பி எம்பிக் கட்டினார். அதைப் பார்த்தும் கலியபெருமாளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவன் அப்போது நிலையின் குறையைப் பெயிண்டால் எழுதுவதில் கவனமாக இருந்தான்.

அடுத்த வாரம் காத்தாயி வந்தாள். அவளும் தொண்டூர். வெளிச்சம் நன்றாக வர வேண்டும், எங்க வூட்டுல ராவுல படிக்கிற ஆள் இருக்குது என்று சொல்லி இரண்டு ஜன்னல் வாங்கினாள். பிறகு ஓடு. பிறகு கைமரம். இரண்டு போகம் மல்லாட்டை முடிவதற்குள் சங்கத்தில் பாதிச் சரக்கு தொண்டூர் பக்கம் போய்விட்டது. அதைப் பார்த்த மற்றவர்களும் இடித்த சாமானைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கொட்டகை நிரம்பித் தெருவில் வழிந்தது. பங்குனிக்குள் தெருவைக் காலி செய்யாவிட்டால் கடைக்குப் பூட்டு என்று பஞ்சாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தது.

கடை போனால் வேலை போகும். வேலை போனால் மறுபடியும் தெருவின் பின்பக்கம். கலியபெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்தில் மூடிக் கிடந்த மல்லாட்டை மில் கொட்டகையைச் சேர்த்து எடுத்துச் சங்கத்தை இரண்டு மடங்காக்குவது ஒன்றுதான் வழி. அதற்குக் கூட்டுறவு அதிகாரி சம்மதிக்க வேண்டும். எட்டுப் பக்கம் அறிக்கை எழுதினான். 'கிராமப்புறத் தாய்மார்களிடையே எழுந்துள்ள வீடு கட்டும் ஆர்வம்' என்று அதில் ஒரு முழுப் பக்கம். எழுதியதை மீனம்பாளுக்குப் படித்துக் காட்டினான். அவள் முறத்திலிருந்து தலை எடுக்காமல், அந்தப் பக்கம் நல்லா இருக்குது என்றாள்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். அறிக்கையைப் புரட்டினார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வாங்கினவங்க வீடுதான் கட்டினாங்களா, அடுப்புல வெச்சாங்களா? ஒரு வீட்டைக் காட்டுங்க. கொட்டகை தர்றேன்."

வீட்டைக் காட்டச் சொல்லிக் குஞ்சம்மாளிடம் கலியபெருமாள் ஏற்கெனவே கேட்டிருந்தான். சுண்ணாம்பு அடிக்கவில்லை, பிறகு பார்க்கலாம் என்றிருந்தாள். காத்தாயியும் அதையே சொன்னாள். இரண்டு பேர் வீட்டுக்கும் ஒரே நேரத்தில் சுண்ணாம்பு இல்லாமல் போனது ஏன் என்று அவன் யோசிக்கவில்லை. மஜீத் பாய்தான் தாடியைத் தடவிக்கொண்டு, ஒரு வீடு எனக்குத் தெரியும், ஏறுங்க சார் என்றார். கூட வந்த கொத்தனார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தொண்டூருக்கு உள்ளே, ஒரு புளியமரத்தைத் தாண்டி வீடு இருந்தது. சின்ன ஓட்டு வீடு. அதிகாரி குனிந்து நுழைந்தார். கலியபெருமாளுக்குக் குனிய வேண்டியிருக்கவில்லை. உள்ளே எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் கையெழுத்து. அதிகாரி ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். 'அனந்தபுரம். வலது கதவு இழுக்கும்.' இழுத்துப் பார்த்தார். இழுத்தது. 'ஒரு கம்பி வளைந்தது.' வளைந்திருந்தது. 'மழைக்கு ஊறும்.' அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு யோக்கியமான வீட்ட நான் பாத்ததே இல்ல" என்றார்.

கலியபெருமாள் அடக்கமாகத் தலை குனிந்தான். நிமிர்ந்தபோது அடுப்பங்கரையிலிருந்து மீனம்பாள் மோர் தம்ளர்களோடு வந்துகொண்டிருந்தாள். பின்னால் குஞ்சம்மாள், காத்தாயி.

அவளும் வீடு பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தான்.

அதிகாரி வீட்டுக்காரம்மா யார் என்று கேட்டார். நான்தான் சார் என்றாள் மீனம்பாள். இடம் அம்மா கொடுத்தது என்றாள். வீட்டுக்காரர் என்ன பண்றார் என்று அதிகாரி அடுத்துக் கேட்டார். அவள் மோரை அவரிடம் கொடுத்துவிட்டு நின்றாள். சொல்வதும் சொல்லாததும் அவன் பாடு என்று விட்டுவிட்டாள்.

ஒரு மூச்சு நேரம் கலியபெருமாள் பேசாமல் இருந்தான். பேசாமலே இருந்துவிட்டால் கொட்டகை கிடைத்துவிடும் என்று அந்த ஒரு மூச்சுக்குள் நினைத்தும்விட்டான். அப்படி நினைத்ததற்காக அவன் பிறகு பல வருஷம் வெட்கப்பட்டான்.

"நான்தான் சார் வீட்டுக்காரன்" என்றான். விதியையும் சொன்னான். தன் குடும்பம் அதை மீறிவிட்டது என்றும், தனக்குத் தெரியாது என்றும், தெரியாமல் இருந்ததுதான் பெரிய தப்பு என்றும் சொன்னான்.

"நான் எதுவும் வாங்கல சார்" என்றாள் மீனம்பாள். "குஞ்சம்மாக்கா வாங்கிச்சு. காத்தாயி வாங்கிச்சு. ரெண்டு போகம் அவங்க மல்லாட்டய ஆஞ்சேன். கூலிய காயா எப்பவும் அளந்து போடுவாங்க. எனக்குக் காய் வாணாம், கதவா குடுங்கன்னேன்."

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றான் கலியபெருமாள், மெதுவாக.

"கூலி இன்னான்னு நீங்க ஒரு வார்த்த கேட்டீங்களா?"

மோர் தம்ளர் அவன் கையில் இருந்தது. குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. அப்போது விதி அவனை உறுத்தவில்லை. ராவில் படிக்கிற ஆள் யார், அந்த உயரம் யாருடையது என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இப்போதுதான் உறைத்தது. வேலை முடிந்து சாயங்காலம் இங்கே வந்து சுவர் வைத்தது சங்கத்துக் கொத்தனார்கள். மஜீத் பாய்க்குத் தெரியும். மாட்டு வண்டிக்காரனுக்குத் தெரியும். செஞ்சியில் அவன் ஒருவனுக்குத்தான் தன் வீடு தெரியாது.

அதிகாரி மோரைக் குடித்துவிட்டு, அம்மா சொல்வது சரிதான், வாங்கவில்லை, கூலியாக வந்தது என்றார். கொட்டகைக்கு அங்கேயே கையெழுத்துப் போட்டார். மூன்று பெண்களையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மூன்று பெயரையும் கலியபெருமாளே எழுதினான்.

ஆனாலும் அவன் மனசு கேட்கவில்லை. பொதுக்கூட்டத்தில் ராஜினாமா செய்வதென்று தீர்மானித்தான். கடிதம் எழுதினான். கூடவே, எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்று எழுந்து நிற்பது போலவும், மூன்றாவது தடவை கெஞ்சும்போது தான் இறங்கி வருவது போலவும் மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். முதல் தடவைக்கே இறங்கினால் அசிங்கமாக இருக்கும்.

கூட்டம் கதவு அடுக்குகளுக்கு நடுவே நடந்தது. கடிதத்தைப் படித்து முடித்துவிட்டுக் காத்திருந்தான். யாரும் எழுந்து நிற்கவில்லை. மஜீத் பாய் தொண்டையைச் செருமினார்.

"தம்பி ரொம்ப யோக்கியம். நாம வாணாம்னா அவரு மனசு சங்கடப்படும். ஏத்துக்குவோம்."

கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்த கையில் அவன் வாங்கிக் கொடுத்த கண்ணாடி வளையல்.

அடுத்த செயலாளர் யார் என்ற கேள்விக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எலி கடித்த கதவுக்கும் ஆள் பிடித்து, அதை வீடாகவும் நிறுத்திக் காட்டியது யார் என்று குஞ்சம்மாள் கேட்டாள். காத்தாயி வழிமொழிந்தாள். எட்டாவது போதுமா என்று ஒரு கிழவர் இழுத்தார். பி.ஏ.வைத்தான் பார்த்தோமே என்று பின்னால் யாரோ சொன்னார்கள். சொன்னவரைத் தேடிப் பார்க்கும் தைரியம் கலியபெருமாளுக்கு இல்லை.

கூட்டம் முடிந்து மீனம்பாளோடு கிளம்பினான். வீடு வந்ததும், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான்.

"மீனம்பா, எனக்கு இப்ப வேல?"

அவள் யோசித்தாள். "கொட்டகை பெருசாகுது. சாமான்ல எழுதறதுக்கு ஆள் போடலாம்னு பாய் சொல்றாரு. விண்ணப்பம் எழுதிக் குடுங்க."

உட்கார்ந்து எழுதினான். மதிப்பிற்குரிய செயலாளர் அம்மா அவர்களுக்கு என்று ஆரம்பித்தான். தன் குறைகளையும் மறைக்காமல் ஒரு பத்தி சேர்த்தான். இரண்டு கையாலும் நீட்டினான். மீனம்பாள் விளக்குப் பக்கம் திருப்பி நிதானமாகப் படித்தாள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றாள். மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"இன்னும் ரெண்டு பேரு கேட்டிருக்காங்க" என்றாள். "பாத்துட்டு சொல்லி அனுப்பறேன்."