டிக்கியில் ஏறிய உப்பு

மரக்காணம்,
பங்குனி பத்து, செவ்வாய்க்கிழமை.

மஸ்கட்டில் இருக்கும் என் மகன் சரவணகுமாருக்கு, உன்னைப் பெற்ற லட்சுமியம்மாள் அடுப்பு வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, ஆடு இரண்டு, எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மருமகளும் பேத்தி இலக்கியாவும் அதுபோலவே இருக்க அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

முதலில் நம்ம பிள்ளைகள் சேதி. உன் தங்கச்சி மகன் அருள்மொழி டிப்ளமாவில் ஒரு பேப்பர்கூட நிற்காமல் பாஸ் பண்ணி, ஒரகடத்தில் வேலைக்கு ஆர்டரும் வாங்கிவிட்டான். அடுத்த வாரமே கார் லைசென்ஸ் எடுத்தான். எட்டு போடச் சொன்னதற்கு இரண்டு எட்டு போட்டுக் காட்டியதாக அவனே சொன்னான். அவன் தங்கச்சி தேன்மொழி கபடியில் மாவட்டத்திலேயே இரண்டாவது. முதலாவது வந்த பெண்களை நான் நேரில் பார்த்தேன், ஒவ்வொன்றும் இரண்டு பிள்ளை பெற்றது மாதிரி இருந்ததுங்க, அதனால் நம்ம பெண்தான் முதலாவது என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன், உன்னிடம் யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்லு. இலக்கியா வரைந்து முதல் பரிசு வாங்கின படத்தையும் செல்லில் பார்த்தேன். நீலக் கார், முன் சீட்டில் நான். காரைவிட நான் பெரிசாக இருக்கிறேன், அது பரவாயில்லை, மூக்குத்தியை விட்டுவிட்டாள், சொல்லு.

இந்தக் கடுதாசியும் அந்தக் காரைப் பற்றித்தான். போனில் சொன்னால் பாதியில் "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. அது உன் கையிலேயே இருக்கும்.

நாலு வருசத்துக்கு முன்னால் நீங்கள் வந்தபோது, ஏர்போர்ட்டில் இருந்து வந்த வாடகைக் கார்க்காரன் ரோட்டு முனையிலேயே இறக்கிவிட்டு, உப்பளத்து வரப்பில் என் வண்டி வராது என்று போய்விட்டான். நாலு பெட்டியோடு அத்தனை தூரம் நடந்தீர்கள். இலக்கியா அப்போது சின்னக் குழந்தை, வழுக்கிப் பாத்தியில் விழுந்து, முழங்கால் சிராய்ப்பில் உப்புத்தண்ணி பட்டு அலறினது இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த தரம் வீட்டு வாசல்வரைக்கும் வர வண்டி இருந்தால்தான் வருவேன் என்று மருமகள் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் நீ அதைப் பிடித்துக்கொண்டு வருசா வருசம், "கார் ஒண்ணு வாங்கிடலாம்மா, அப்பறம் லீவு போடறேன்" என்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வருசம் கிராஸ்ஓவர் என்று ஒன்றைச் சொல்லி, கார் மாதிரி ஓடும் ஜீப் மாதிரி ஏறும், நமக்கு ஒத்துவருமா, எட்டு லட்சத்துக்குள் அடங்குமா, நீயே பார்த்து முடிவு பண்ணும்மா என்றாய். பார்த்தேன். முடிவும் பண்ணிவிட்டேன்.

போன வியாழக்கிழமை திண்டிவனத்து ஷோரூமில் இருந்து, அவர்கள் நாலு மாசமாக எல்லோருக்கும் ஓட்டிக் காட்டுகிற வண்டியையே வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான் அருண்ராஜ் என்ற பையன். பொம்மையார்பாளையத்துப் பிள்ளை, நல்ல மரியாதை. என் முழங்காலுக்கு வண்டி ரொம்பச் சரி. மேலே ஏறவும் வேண்டாம், கீழே குனியவும் வேண்டாம், நாற்காலியில் உட்காருவது போலத் திரும்பி உட்கார்ந்தால் உள்ளே இருக்கிறோம். அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அப்பாவின் சோற்றுத் தூக்கை வரப்பு நடுவில் வைத்து, அருள்மொழியை அதன் மேலே ஓட்டச் சொன்னேன். தூக்கு அப்படியே நின்றது, உள்ளே இருந்த மோர்கூடச் சிந்தவில்லை. அருண்ராஜ் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, "மாசத்துக்கு எவ்ளோ கிலோமீட்டர் ஓடும் ஆயா?" என்று கேட்டான்.

"ஏர்போர்ட்டு எவ்ளோ தூரம்?"

"போக வர எரநூத்தி இருபது இருக்கும்."

"அப்போ வருசத்துக்கு எரநூத்தி இருபது."

"மத்த நாளு?"

"மத்த நாளு நிக்கும்."

அவன் நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

உன் அப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, "ஏம்பா, எங்க ஊரு காத்துல சைக்கிள் செயினே வாரத்துக்கு ஒருதரம் எண்ண கேக்குது. இந்தத் தகரம் எத்தினி நாளைக்கு நிக்கும்?" என்றார். துருப் பிடிக்காத கோட்டிங் போட்டிருக்கிறது என்றான் அவன். "அது எங்க ஊரு காத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, பின் சீட்டில் ஏறி, ஏசி ஓடும்போதே கண்ணாடியை இறக்கி, கையை வெளியே போட்டுக்கொண்டார்.

தப்பு இனிமேல்தான் நடந்தது. "சொந்த வண்டி மாதிரி நெனச்சுக்குங்க ஆயா" என்று அருண்ராஜ் சொன்னான். சொந்தமாக எது வந்தாலும், வீடோ பீரோவோ, முதலில் உப்பு போகணும் இல்லையா. டிக்கி எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்த மாதிரியும் இருக்கும் என்று, அன்றைக்குக் காலையில் வாரின உப்பில் அரை மூட்டை கட்டி ஏற்றச் சொன்னேன். உப்பை முதலில் ஏற்றி, அப்புறம் நாங்கள் ஏறி, விலை பேசத் திண்டிவனம் போனோம். வாரின அன்றைக்கே கட்டின உப்பு தண்ணி விடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வண்டிக்குள்ளே ஜமுக்காளம் விரித்திருப்பான் என்றுதான் தெரியாது. ஷோரூமில் டிக்கியைத் திறந்தால் ஜமுக்காளம் பூராவும் ஊறி, ஓரத்தில் வெள்ளைப் பூத்திருக்கிறது. மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல இந்த மூட்டைய எடுத்துட்டுப் போங்க பாட்டி" என்றார்.

"எறக்கிக் கீழ வைக்கச் சொல்லுங்க, எடுத்துக்கறேன்."

"அருண், எடுத்து அவங்க கையில குடுப்பா."

அருண்ராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "உப்ப கையில குடுத்தா சண்ட வரும் சார். எங்கம்மா திட்டும்."

"இப்பவே சண்டைதான்யா நடக்குது!" என்றார் மேனேஜர்.

அருள்மொழி தூக்கப் போனான், நான் தடுத்தேன். முதல் முதலாக ஏற்றின உப்பை அதே நாளில் இறக்கினால் வீட்டு லட்சுமியை வெளியே அனுப்பின மாதிரி. பக்கத்தில் கார் பார்க்க வந்திருந்த ஒரு அம்மாவும், "அந்தம்மா சொல்றது சரி, எறக்காதீங்க" என்று என் பக்கம் வந்துவிட்டாள். கடைசியில் மேனேஜர் டிக்கியை மூடிவிட்டு, விலைக் காகிதத்தைக் கொண்டுவந்தார். வண்டி ஒரு விலை, வரி ஒரு விலை, இன்சூரன்ஸ் ஒரு விலை, காலடியில் போடும் மேட்டுக்குத் தனி விலை, எல்லாம் சேர்த்துப் பத்தே முக்கால் லட்சம். இந்த வண்டியை யார் வாங்குகிறார்களோ அவர்களே உப்பையும் வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். திரும்பிப் பஸ்ஸில், திண்டிவனத்தில் இருந்து பெருமுக்கல்வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன், அதற்குப் பிறகுதான் இடம் கிடைத்தது. முழங்கால் என்னென்னவோ சொன்னது. நான் அதன் பேச்சைக் கேட்கவில்லை.

ஆகையால் என் முடிவைக் கேட்டுக்கொள். கார் வேண்டாம். விலை உன் கணக்குக்கு மேலே போகிறது, காற்றுக்குத் துருப் பிடிக்கும், இரண்டு கிழங்களுக்கு ஐந்து சீட்டு எதற்கு? உன் காசில் ஒரு ரூபாய் அனுப்ப வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று இருக்கிறது. கார் வந்துவிட்டால் அடுத்து கார் நிறுத்த ஷெட்டு போடலாம்மா என்பாய், ஷெட்டு வந்தால் ரோடு போடட்டும்மா என்பாய். நீ வா. பெட்டியை நான் தலையில் தூக்குகிறேன், இருபது வருசம் உப்புக்கூடை தூக்கின தலைதான் இது. இலக்கியாவை அப்பா தோளில் தூக்கிக்கொள்வார். அவளுக்கு இப்போது எட்டு வயசு என்று நீ சொல்லலாம். அவருக்கு அது தெரிய வேண்டாம். நீ வராமல் இந்த வாசலுக்குக் கார் வராது. இதில் மாற்றம் இல்லை.

மருமகளுக்கு என் அன்பு. பேத்தி தலைக்கு நாளும் கிழமையும் எண்ணெய் வைக்கச் சொல்லு. பெருமுக்கல் மலைமேல் இருக்கிற சாமி உங்கள் மூன்று பேரையும் குறை இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
லட்சுமியம்மாள்.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை எழுதுவது. வெளிநாட்டுத் தபாலுக்கு வேறே ஸ்டாம்பு ஒட்ட வேண்டும் என்றார்கள், அதனால் கடுதாசி இன்னும் வீட்டிலேயே இருக்கிறது. திண்டிவனம் போய் வந்ததில் இருந்தே அப்பா சோற்றில் உப்பு இல்லை, குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எப்போதும் போடுகிற அதே அளவுதான் போட்டேன். நேற்று, "நம்ம ஊட்டு உப்பு ஊராந்தெருவுல நிக்குது, கேட்டு வாங்கிட்டு வர்றேன்" என்று மொபெட்டில் திண்டிவனம் போனார். டிக்கியைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். மூட்டை வைத்த இடத்திலேயே இருக்கிறது, ஒருத்தரும் தொடவில்லை. ஓட்டிக் காட்டின வண்டியைக் குறைத்துத்தான் விற்பார்களாம், ஜமுக்காளம் போனதால் அதற்கு மேலேயும் குறைத்து, ஏழே முக்கால் லட்சத்துக்குத் தருகிறேன் என்று மேனேஜர் சொல்ல, இந்த மனுசன் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்திருக்கிறார். சித்திரை பிறந்ததும் வண்டி வருகிறது. அதுவரைக்கும் உப்பை இறக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கி வந்திருக்கிறார். நான் சத்தம் போட்டேன். பிறகு குழம்பைச் சாப்பிட்டுவிட்டு உப்பு சரியாக இருக்கிறது என்றார். ஆகையால் மேலே காசு அனுப்ப வேண்டாம் என்று எழுதி இருப்பதை மட்டும் அடித்துவிட்டு மீதியைப் படி.

வண்டிக்குள் முன்னால் மலைச்சாமி படம் ஒட்டப்போகிறோம். அதன் பக்கத்தில் உங்கள் படம் ஒட்ட இடம் விட்டிருக்கிறது. பழைய படத்தில் இலக்கியாவுக்குப் பல் இல்லை, அது வேண்டாம். புதிதாக மூன்று பேரும் சேர்ந்து நின்று ஒன்று எடுத்து, செல்லில் அனுப்பாமல், காகிதத்தில் கழுவித் தபாலில் அனுப்பு. பின்பக்கத்தில் தேதி எழுது. எடுத்த தேதி வேண்டாம், வந்து இறங்குகிற தேதி. அதைப் பார்த்துத்தான் பெட்ரோல் போட வேண்டும் என்று அருள்மொழியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், படத்தைச் சீக்கிரம் அனுப்பு.