விடச் சொல்லும்வரை விடாதே

கம்பம் ஊரில் மனிதர்களை முகம் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளாத ஒரே ஆள் எங்கள் தெரு 'பிரேக் ஆயில்' அண்ணன்தான். யார் வண்டியை நிறுத்தினாலும் அவர் கண் நேராக ஹேண்டில்பாருக்குப் போகும். பிரேக் லீவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா, அதில் பொட்டு அளவுக்கு ஒரு கண்ணாடி இருக்குமே, அதற்குள் எட்டிப் பார்ப்பார். ஆயில் தேன் நிறத்தில் இருந்தால் "நல்லாருக்கீகளா?" என்பார். டிகாஷன் நிறத்தில் இருந்தால் நலம் விசாரிப்பே கிடையாது. "எப்பிடிய்யா இத வச்சுக்கிட்டுக் குமுளி மலை எறங்குறீக?" என்று துக்கம் கேட்பார்.

அவர் மெக்கானிக் இல்லை, உரக்கடையில் பில் போடுகிறவர். ஆனால் ஞாயிறு விடிந்தால் தெருவில் யாருடைய வண்டியாவது அவர் வாசலில் மாட்டிக்கொண்டு நிற்கும். செயினுக்கு எண்ணெய், ஏர் ஃபில்டர் தட்டுவது எல்லாம் அவருக்கு ஊறுகாய். சாப்பாடு என்றால் பிரேக் ஆயில் மாற்றுவதுதான். பாட்டிலைத் திறக்குமுன் வானத்தைப் பார்ப்பார். கேரளாப் பக்கமிருந்து சாரல் அடித்தால் அன்றைக்கு வேலை ரத்து.

"காத்துல இருக்க ஈரத்தயே குடிச்சிரும்டா இது. ஈரம் சேந்த ஆயிலு எறக்கத்துல கொதிச்சா, லீவரு பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிக்காது."

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் லீவரை அமுக்கிப் பிடிக்க, கீழே அவர் திருகாணியைத் தளர்த்துவார். பழைய ஆயில் டியூப் வழியாக இறங்கும். திருகாணியை முடுக்கிவிட்டு அவர் "விடு" என்ற பிறகுதான் லீவரை விட வேண்டும். முந்திவிட்டால் காற்று உள்ளே ஏறி, எல்லாம் முதலிலிருந்து. லீவர் பிடிப்பவன் நான். எனக்கோ தெருவில் ஆடு போனாலும் பராக்குப் பார்க்கும் வியாதி. "விட்டுட்டியா! ஏலே, விட்டுட்டியா!" என்ற அலறல்தான் எங்கள் தெருவின் ஞாயிற்றுக்கிழமைச் சங்கு.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்ற கவலை ஊருக்கு. அவருக்கு வேறு கவலை. ஒரு தடவையாவது கிளட்ச் ஆயில் மாற்ற வேண்டும். நம் ஊர் வண்டிகளின் கிளட்சுக்கு வெறும் கேபிள்தான். பெரிய வெளிநாட்டு வண்டிகளில்தான் அதற்கும் ஆயில். "உள்ள என்னதான்டா நடக்குதுன்னு பாத்திரணும்" என்பார்.

பெண் பார்க்கப் போன இடங்களில், மாமனாராக வேண்டியவரின் பிரேக் கண்ணாடியைப் பார்த்து உச்சுக் கொட்டியே சம்பந்தங்களைக் கெடுத்துக்கொண்டவர். நாற்பதை நெருங்கும்போது கோம்பையில் ஓர் இடம் அமைந்தது. பெண்ணுக்குப் பால் சொசைட்டியில் வேலை. அண்ணனின் அக்கா என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "இதுவும் கலைஞ்சா, இனி இவனுக்காக ஒரு வாசப்படி ஏற மாட்டேன். எந்த வண்டிகிட்டயும் இவன குனிய விட்டுராத தம்பி."

அக்கா காரில் முன்னால் போய்விட்டாள். புது வேட்டி, புது அங்கவஸ்திரத்தோடு அண்ணன் என் பின்னால். பத்தரைக்குள் நல்ல நேரம். உத்தமபாளையம் தாண்டியதும் புளியமரத்தடியில் ஒரு பெரிய வண்டி நின்றது. பக்கத்தில் ஒரு மலையாளி, தலையில் கை.

"நிறுத்துடா!"

"அண்ணே, பத்தரைக்கு..."

"ஏலே, எடது பக்கமும் டப்பா இருக்குடா!"

வண்டியை நிறுத்திவிட்டேன். இடது பக்கம் டப்பா என்றால் கிளட்ச் ஆயில். "கிளட்ச் லீவர் பிடிச்சா ஒண்ணும் ஆகுன்னில்ல சேட்டா" என்றார் மலையாளி. அண்ணன் காதில் அது வேறு யாருக்கும் கிடைக்காத வரமாக விழுந்தது. மலையாளியின் வண்டிப் பெட்டியிலிருந்து சீல் உடைக்காத ஆயில் பாட்டிலும் ஸ்பேனரும் டியூபும் வந்தன. ஆயில் சொட்டினால் பெயிண்ட் உரிந்துவிடும் என்று, அங்கவஸ்திரத்தை நனைத்து டேங்கின்மேல் போர்த்தினார். கீழே படுத்து, இன்ஜின் பக்கம் தலையைக் கொடுத்தார்.

நான் லீவரைப் பிடித்தேன். அக்காவிடமிருந்து போன். எடுத்தேன்.

"விட்டுட்டியா!"

பத்தரையும் போனது. சாரலும் வந்தது. எங்கே நிற்கிறோம் என்று அக்காவிடம் உளறிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. அக்கா, பெண்ணின் அப்பா, கூடவே பெண். எனக்கு ஐயோ என்று ஆகிவிட்டது. அப்பா குடையை விரித்துக்கொண்டு அருகில் வந்தார்.

அண்ணனுக்குக் குடை விரியும் சத்தம் கேட்டது, தெரிந்தது கால்கள் மட்டும். "யாருய்யா கொட வச்சிருக்கது? டப்பாவுக்கு மேல பிடிங்க. ஒங்களுக்கில்ல, டப்பாவுக்கு!"

மனிதர் திகைத்துப்போய், தான் நனைந்துகொண்டு டப்பாவுக்குக் குடை பிடித்தார். அக்கா வாயைத் திறக்குமுன் அந்தப் பெண் என்னைப் பார்த்து, "தள்ளுங்க, நான் பிடிக்கேன்" என்றாள்.

அது காதில் விழாத அண்ணன் கீழிருந்து சொன்னார்: "அமுக்கு. பிடி. விடச் சொல்லும்வர விடாத."

பிடித்தாள். வாழைத்தார் லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டுப் போனது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பெண் திரும்பவே இல்லை. பார்வை டியூபிலேயே இருந்தது. குமிழ் குமிழாக, கறுப்பாக வந்தது மெல்லத் தெளிந்து தேனாக இறங்கியது.

"விடு. ...ஏலே, இவ்வளவு நேரம் விடாமப் பிடிச்சது நீ இல்லையே. யாரு?"

தலையை வெளியே நீட்டியவர் வளையல் போட்ட கையைப் பார்த்தார். பிறகுதான் முகத்தை. கன்னத்தில் கிரீஸ், வேட்டியில் சேறு. எழுந்து கும்பிடக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

அவள்தான் பேசினாள். "தொளதொளன்னு கெடந்த லீவரு கல்லு மாதிரி ஆயிருச்சே. உள்ள என்ன நடக்குது?"

அத்தனை வருஷமாகத் தெருவில் ஒருவர்கூட அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நானும்தான். அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். சாரல் நின்றது, மலையாளி கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார், அண்ணன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா குடையை மடக்கினார். "மாப்ளே, மிச்சத்த வீட்டுக்கு வந்து சொல்லுங்க. கேசரி ஆறுது."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் லீவர் பிடிப்பது அண்ணிதான். தெருவில் அலறல் இல்லை. என்னையும் யாரும் கூப்பிடுவதில்லை. பார்த்துப் பார்த்து எனக்கும் பிரேக் ஆயில் மாற்றத் தெரியும். ஆனாலும் என் வண்டிக் கண்ணாடியை டிகாஷனாகவே விட்டுவைத்திருக்கிறேன். மலைக்கு பஸ்ஸில் போய்க்கொள்கிறேன். அந்தக் கண்ணாடியை ஒருநாள் எட்டிப் பார்த்து, "லீவரப் பிடிடா" என்று அவர் கூப்பிடாமலா போய்விடுவார்?